கிளினிக்குக்கு வராத ஆள்

கிளினிக் நாளில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு வாங்குகள் வெறுமையாகிவிடும். விடியக் காலையிலேயே வந்து இலக்கத் துண்டு எடுத்தவர்கள் ஊசியைப் போட்டுக்கொண்டு, குளிசைப் பையோடு மூதூர் பஸ்ஸையும் கிண்ணியா பஸ்ஸையும் பிடித்துப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் தாதி பதிவுக் கொப்பியைத் திறப்பார். சரி அடையாளம் விழாத பெயர்களைச் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகக் கோடிடுவார். அன்றைக்கு வராதவர்கள்.

திருகோணமலையில் உளநலத் தாதியாக வேலை செய்த வருடங்களில், எனக்கு விளங்க அதிக காலம் எடுத்தது இந்தச் சிவப்புக் கோடுதான். தடிமன் காய்ச்சலுக்கு மருந்தெடுத்தவர் திரும்பி வராவிட்டால் சுகமாகிவிட்டது என்று விட்டுவிடலாம். சீனி வருத்தக்காரர் வராவிட்டால் யோசிக்க வேண்டும். ஆனாலும் தனக்கு வருத்தம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மனச்சிதைவு நோயிலோ அந்தத் தெரிதலையே நோய் அரித்துவிடுகிறது. காதுக்குள் கேட்கும் குரல் உண்மையான குரல், பக்கத்து வீட்டார் செய்யும் சதி உண்மையான சதி என்று நம்புகிற ஒருவர் எதற்காகக் கிளினிக்குக்கு வருவார்? அதனால் எங்கள் வேலையில் வராமையே ஓர் அறிகுறி. சில நேரம் அதுதான் முதல் அறிகுறி.

ஒரு நாளில் ஐந்து சிவப்புக் கோடுகள் விழுந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் ஐந்து பேரும் வெவ்வேறு வருடங்களில் சந்தித்தவர்கள். ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஐந்து வீடுகளுக்கும் போய்வந்தால் சமூக உளநலப் பராமரிப்பு என்றால் என்ன என்பது ஓரளவு பிடிபடும். அதற்கு முன், ஆட்களைத் தேடிப் போகும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் 'அங்கொடை' என்பது ஓர் இடத்தின் பெயராக இருந்ததைவிட ஏச்சாக இருந்த காலம்தான் அதிகம். குழப்படி செய்கிற பிள்ளையிடம் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்பார்கள். கொழும்புக்கு அருகே உள்ள அந்தப் பெரிய மனநோய் வைத்தியசாலை 1926இல் திறக்கப்பட்டது. அதற்கு அடிப்படையாக இருந்த சட்டம் அதைவிடப் பழையது: பிரித்தானியர் 1873இல் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் மனம் முழுக்க ஆளை எங்கே அடைப்பது, யார் கையெழுத்தில் அடைப்பது என்பதில்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போன ஆளை யார் பார்ப்பது என்ற கேள்வி அதில் இல்லை. திருகோணமலையிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவார்கள். சுகமாகி வந்தவருக்கு ஒரு மாத மருந்து கையில் இருக்கும். அது முடிந்தால் மறுபடி 250 கிலோமீற்றர். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, வழி நெடுக இறங்கி ஏறி, குழம்பிய மனதோடு உள்ள ஒருவரை அழைத்துப் போவதென்றால் என்ன பாடு என்று அந்தத் தாய்மாரைக் கேட்டால் தெரியும். பல பேருக்கு வைத்தியம் நின்று போனது இந்தத் தூரத்தினால்தான்.

வைத்தியசாலைக்கு வெளியே தாதி போவது என்ற யோசனை இங்கிலாந்தில் குரொய்டனுக்கு அருகே இருந்த வோர்லிங்கம் பார்க் வைத்தியசாலையில் 1954இல் செயலுக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பாவனைக்கு வந்திருந்தது. மருந்தால் ஆட்கள் அமைதியாகி வீடு போனார்கள், போனவர்கள் மருந்தை விட்டார்கள், திரும்பி வந்தார்கள். அப்படியானால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தானே வேண்டும் என்று சில தாதியரை வெளியே அனுப்பினார்கள்.

எங்கள் நாட்டில் அந்தத் திருப்பம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. கடல் கிண்ணியாவையும் மூதூரையும் குச்சவெளிக் கரையையும் அடித்துப் போன பிறகு, கிழக்கில் உளநல சேவை எவ்வளவு குறைவாக இருந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தேசிய உளநலக் கொள்கை, கொழும்பில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொண்டுபோவதை இலக்காக வைத்தது. மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு, ஆதார வைத்தியசாலைகளில் கிளினிக், உளநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரி, சமூகத்துக்குள் போகிற தாதி, சமூகப் பணியாளர் என்று ஒரு சங்கிலி. சங்கிலியின் மறு முனை ஊருக்குள் இருக்கிறது: குடும்பநல உத்தியோகத்தர், கிராம சேவகர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், சில ஊர்களில் கோயில் தர்மகர்த்தாவும் பள்ளிவாசல் நிர்வாகமும்.

முதல் சிவப்புக் கோடு மூதூருக்குத் தெற்கே. இருபத்தாறு வயதுத் தம்பி. நாலு வாரத்துக்கொருமுறை ஊசி. பத்து நாள் பிந்திவிட்டது.

அந்த ஊசி பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'விசர் ஊசி' என்று ஊரில் பேசப்படுவது அதைத்தான். ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் என்பது எண்ணெயில் கரைத்த மருந்து. பிருட்டத் தசையில் ஆழமாகப் போட்டால் அங்கேயே தங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை தாங்கும். முதலில் சிறிய அளவு ஒன்று போட்டுப் பார்த்து, உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று கவனித்த பிறகே முழு அளவு. போடும்போது தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, மெல்லச் செலுத்தி, ஊசியை எடுத்த பிறகே தோலை விட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் வெளியே கசியாது. ஒரு மாதம் இடம் என்றால் மறு மாதம் வலம், இல்லாவிட்டால் அந்த இடம் கட்டி பிடிக்கும். தினமும் குளிசை போட மறுப்பவர்களுக்கும் மறப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் இதில் ஒரு மயக்கம் உண்டு. ஊசியை நிறுத்தினால் அடுத்த நாள் ஒன்றும் நடக்காது. அடுத்த வாரமும் நடக்காது. மருந்து மெல்ல வடிந்து போகும். உடம்பு இலேசாகும், தூக்க மயக்கம் குறையும். "விட்ட பிறகுதான் நல்லாயிருக்கிறன்" என்று ஆளே சொல்வார், அது உண்மையும்கூட. நோய் திரும்பி வருவது சில வாரங்கள், பல மாதங்கள் கழித்து. அந்த இடைவெளியினால்தான் மருந்தை விட்டதையும் நோய் வந்ததையும் குடும்பம் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான் போனபோது தாய் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அவன் நல்லாத்தானே இருக்கிறான். பிறகென்னத்துக்கு ஊசி?"

"நல்லா இருக்கிறான் எண்டதைக் கேக்கச் சந்தோசமாத்தான் இருக்கம்மா. ராவில நித்திரை கொள்றானோ?"

தாய் உடனே பதில் சொல்லவில்லை. கையால் நெல்லைக் கிளறினார். "ஒரு கிழமையாக் கொஞ்சம் குறைவுதான்."

சமூகத் தாதியின் கேள்விகளில் இதுதான் முதலாவது. குரல் கேட்கிறதா, யாராவது சதி செய்கிறார்களா என்று தொடங்கினால் வாசல் மூடிவிடும். நித்திரை, சாப்பாடு, குளிப்பு, வேலைக்குப் போகிறாரா, கூட்டாளிமாரோடு பேசுகிறாரா: இவற்றில்தான் நோய் முதலில் தலை காட்டும். பெரும்பாலும் நித்திரை முதலில் கெடும். அதற்குப் பிறகு அறைக்குள் ஒதுங்குவது, சாப்பாட்டை மோந்து பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் இந்த வரிசை ஏறக்குறைய மாறாது. போன முறை எந்த ஒழுங்கில் வந்ததோ அதே ஒழுங்கில் வரும். அதனால் சுகமாக இருக்கிற காலத்திலேயே அவரோடும் வீட்டாரோடும் இருந்து, "போனமுறை என்னென்ன முதல்ல மாறினது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்ல தாதியின் வேலை.

தம்பி வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் நின்றார். நான் கிட்டப் போகவில்லை. நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், அவர் போக வழிவிட்டு நின்றேன். பயந்த மனதுக்கு எதிரே நிற்கும் ஆள் சுவர் மாதிரி. அவர் சொன்னார், றோட்டால் போகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் தன்னைப் பார்த்துத்தான் ஹோன் அடிக்கின்றன என்று. இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வரும் தாதியர் இரண்டில் ஒரு பிழை விடுவார்கள். "அப்படியெல்லாம் இல்லை தம்பி" என்று வாதாடுவார்கள், அல்லது சமாதானத்துக்காக "ஓமோம்" என்று தலையாட்டுவார்கள். முதலாவதில் நாங்களும் எதிரியாகிவிடுவோம். இரண்டாவதில் நோய்க்குச் சாட்சி சொன்னவர்களாகிவிடுவோம். நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு அது வெறும் ஹோனாத்தான் கேக்குது. ஆனா உங்களுக்கு அப்பிடிக் கேட்டா எவ்வளவு பயமா இருக்கும் எண்டு விளங்குது. நித்திரை இல்லாம இருக்கிறதும் பயத்தைக் கூட்டும். அதுக்கு ஏதாவது செய்வமோ?" பயம் உண்மை. நித்திரையின்மை உண்மை. பிடித்துக்கொள்ள அந்த இரண்டும் போதும்.

அரை மணித்தியாலம் கழித்துத்தான் அவர் உண்மைக் காரணத்தைச் சொன்னார். ஊசி போட்டால் கை விறைக்கிறது, கரைவலை இழுக்கும்போது மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மருந்தின் பக்க விளைவு. கை நடுக்கம், நடை இறுகிப்போதல், முகத்தில் அசைவு குறைதல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் கால் தன்பாட்டில் அலைதல் எல்லாம் இந்த வகை மருந்துகளில் வருபவை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், விறைப்புக்கென்று பென்செக்சோல் போன்ற குளிசை சேர்க்கலாம். கேட்டால்தான் செய்யலாம். சனம் நிறைந்த கிளினிக்கில், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிற இடத்தில், "வேற ஏதும் கரைச்சலோ?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும். வலை இழுக்கிற கை பற்றிய கதை வேலியோரத்தில்தான் வரும். வீட்டுத் தரிசிப்பு என்று ஒன்று வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள முதல் ஆதாரம் அந்தத் தம்பியின் கை.

இரண்டாவது கோடு கிண்ணியா. ஐம்பது தாண்டிய வாப்பா ஒருவர். மட்டுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலை நோய்க்கு லித்தியம் எடுப்பவர். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும் வரை அங்கே போவதென்றால் துறையடியில் 'பாதை' எனும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். இப்போது பஸ்ஸில் கொஞ்ச நேரம். அவர் வராததற்குக் காரணம் நோன்பு. பகலில் குளிசை போட முடியாதென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் அதை வெளியேற்றும் விதம் உடம்பில் உள்ள நீரையும் உப்பையும் பொறுத்தது. வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், வயிற்றோட்டமும் சேர்ந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். பொதுவாக ஒரு லீற்றருக்கு 0.4 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வோம்; 1.5ஐத் தாண்டினால் பெரும்பாலும் நஞ்சாகத் தொடங்கிவிடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, தள்ளாடும் நடை, நாக்குக் குழறுவது வந்தால் அடுத்த குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் போன்ற குளிசைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். திருகோணமலை வெயிலில், வயலிலும் கடலிலும் நிற்கிற ஆட்களுக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை.

ஆகவே நோன்பு பற்றிய பேச்சு நோன்புக்கு முன்னரே நடக்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளை இரவு ஒரே வேளைக்கு மாற்ற வைத்தியரால் முடியும். இரத்தப் பரிசோதனையைக் கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து எடுக்க வேண்டும் என்பதால் நேரத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம். நோன்பு பிடிப்பது ஆபத்து என்று வைத்தியர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் சலுகை தருகிறது என்பதை நான் சொல்வதைவிட மௌலவி சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மௌலவி வந்து சொன்ன பிறகு வாப்பா அழுதார். இத்தனை வருடமும் தன் ஈமானில் குறை என்று நினைத்திருந்தாராம்.

மூன்றாவது கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். கிளினிக் வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆள் யாராவது கண்டுவிட்டால்? அந்தப் பயத்துக்கு நான் நியாயம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் இல்லாதது போல நடிக்கவும் முடியாது. குடும்பநல உத்தியோகத்தர் போகிற வீட்டுக்கு அவரோடு சேர்ந்து நானும் போனால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அப்படித்தான் சில காலம் ஓடியது. குடும்பநல உத்தியோகத்தரின் கண் இன்னொரு இடத்திலும் பெரிய உதவி: பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைப் பிடிக்க, கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும் 10 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. தாய்க்குப் பால் வரவில்லை, பிள்ளை அழுகிறது என்று தொடங்கும் பேச்சு அந்தப் பத்துக் கேள்வியில் வேறு இடத்துக்குப் போய் நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நான்காவது, பதினெட்டு வயதுப் பையன். புதிதாக மருந்து தொடங்கி மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கம் முறுகி, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளியது. வீட்டார் பயந்து போய்க் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். பார்த்த எவருக்கும் பேய் என்றுதான் தோன்றியிருக்கும். உண்மையில் அது தசைப் பிடிப்பு. சில மருந்துகள் தொடங்கிய முதல் நாட்களில், முக்கியமாக இளம் ஆண்களுக்கு வரும். வைத்தியசாலையில் ஓர் ஊசி போட்டால் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் கழுத்து நேராகும். "இப்படி வரலாம், வந்தால் பயப்பட வேண்டாம், உடனே கொண்டு வாங்கோ" என்று மருந்து கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் எங்களிடம் வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அந்தப் பிழை எங்கள் பக்கம். அதற்குப் பிறகு நூல் கட்டி, தேசிக்காய் வெட்டி, ஆறு மாதம் போனது.

பூசாரியையும் ஓதிப் பார்ப்பவரையும் நான் எதிரியாக நினைத்ததில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலில் போய் அழுதுவிட்டு வந்தால் ஒரு தாய்க்கு நெஞ்சு இலேசாகிறதென்றால் அதை நான் ஏன் பறிக்க வேண்டும்? கேட்பது ஒன்றே ஒன்று: கட்டிப்போட வேண்டாம், அடிக்க வேண்டாம், மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒரு வயதான பூசாரி பிற்காலத்தில் தானே ஆட்களை எங்களிடம் அனுப்பினார். "இது என்ர கேஸ் இல்லை, மிஸ்" என்று தொலைபேசியில் சொல்வார்.

வீடு பற்றி இன்னொன்று. லண்டனில் ஜோர்ஜ் பிரவுண் என்ற சமூகவியலாளர் 1950களில் மனச்சிதைவு நோயாளிகள் வைத்தியசாலையிலிருந்து போன பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். வாடகை அறைக்கோ சகோதரர் வீட்டுக்கோ போனவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பியது. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைத் துலக்கின: ஓயாத குறை சொல்லல், எரிச்சல், அளவு மீறிய பொத்திப் பாதுகாப்பு, அதுவும் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்திருக்கும் வீடுகளில். இதைக் கேட்டால் தாய்மார் தங்களைக் குற்றவாளியாக்குவதாக நினைத்துவிடுவார்கள். நோயை வீடு உண்டாக்குவதில்லை. ஆனால் "சோம்பேறி, விடிஞ்சா விடியுமட்டும் படுக்கை" என்று ஏசப்படும் அந்தப் படுக்கை நோயின் ஒரு பகுதி என்று வீட்டுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஊக்கம் வற்றிப்போதல், பேச்சுக் குறைதல், ஆசை அற்றுப்போதல் எல்லாம் குரல் கேட்பதைவிட நீண்ட காலம் நிற்பவை. கோழிக்குத் தீனி போடுவது போல ஒரு சின்ன வேலையை நாள் தவறாமல் கொடுத்து, செய்தால் நல்லது என்று சொல்லி, செய்யாவிட்டால் பேசாமல் விடுவது: அப்படி ஒரு வீட்டைப் பழக்குவதற்கு ஊசி போடுவதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். வைத்தியர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம், நடுவில் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் தாதிதான். "நான் ஒரே யோசிக்கிறன்" என்று ஓர் அம்மா சொன்னால் அதைச் 'சிந்திக்கிறார்' என்று மொழிபெயர்த்துவிட்டால் எல்லாம் போயிற்று. எங்கள் பேச்சில் யோசனை என்றால் கவலை, உள்ளே அரிக்கிற கவலை. "நெஞ்சு பதறுது", "தலை விறைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்று வருபவர்களுக்கு ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. மனம் என்ற சொல்லைச் சொல்லாமலே மனதைப் பற்றிப் பேசும் மொழி எங்களுடையது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக இன்றும் ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிற தாய் ஒருவரைப் பார்த்தேன். அவன் குரல் சில நேரம் படலையடியில் கேட்கும் என்றார். இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது? மாயக் குரல் என்று எழுதி மருந்து தொடங்கலாம். ஆனால் அவர் ஒழுங்காகச் சமைக்கிறார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறார், குரல் மகனுடையதாக இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். செத்தவருக்குச் சடங்கு உண்டு; காணாமல் போனவருக்கு இல்லை. அந்தத் துக்கத்துக்குக் குளிசை கிடையாது. கூட இருக்க ஆட்கள் வேண்டும், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுபுறம், இங்கே எந்த மனநோயைக் கண்டாலும் 'யுத்தத்தாலதான்', 'சுனாமியாலதான்' என்று சொல்லிவிடும் பழக்கமும் இருக்கிறது. மனச்சிதைவு யுத்தம் காணாத நாடுகளிலும் வருகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணத்தைக் கடலில் போட்டுவிட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

தற்கொலை பற்றி. எங்கள் தமிழில் 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் வயலுக்கு அடிக்கும் நஞ்சைக் குடித்துவிட்டான் என்று அர்த்தம். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வரை ஒரு வருடத்தில் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே உச்சத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வெளியானது. பெட்டியால் மட்டும் பெரிய பலன் இல்லை. நஞ்சு சந்தையிலேயே இல்லாமல் போனதுதான் உயிர்களைக் காத்தது. தற்கொலை முயற்சி 1998 வரை இங்கே தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. அந்தப் பயம் இன்றும் சனத்தின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. கேட்டால் அந்த நினைப்பை நாங்களே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. "சாக வேணும் எண்டு நினைப்பு வருதோ?" என்று நேரே, மெல்லிய குரலில் கேட்டால் பெரும்பாலானவர்களின் தோள் கீழே இறங்குவதைக் காணலாம். ஓம் என்றால் தனியே விடக்கூடாது. குளிசைகளையும் வயல் மருந்தையும் வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். அன்றே வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். இரவென்றால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். உயிராபத்து என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

கடைசி, ஐந்தாவது கோடு. வெருகல் பக்கம், நாற்பது வயது. குளோசபின் எடுக்கிறவர். இந்த மருந்து வேறு எதற்கும் மசியாத மனச்சிதைவையும் மாற்றக்கூடியது. ஆனால் அரிதாகச் சிலருக்கு வெள்ளைக் குருதிக் கலங்களை அடியோடு இறக்கிவிடும். அதனால் முதல் 18 வாரம் கிழமைக்கொருமுறை இரத்தம் பார்க்க வேண்டும், பிறகு இடைவெளி கூடும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் சாதாரணமாக விட முடியாது. இரண்டு நாளுக்கு மேல் மருந்து தவறினால் பழைய அளவில் தொடங்கவும் கூடாது, சின்ன அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மூன்றாவது நாள் ஆகிவிட்டது. தொலைபேசி அணைந்திருந்தது. கிராம சேவகருக்கு எடுத்தேன். அவர் வயலில் நின்றார், பின்னேரம் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். ஏழு மணிக்கு அழைப்பு வந்தது: வீடு பூட்டிக் கிடக்கிறது, தங்கை வீட்டுக்குப் போனதாகப் பக்கத்தில் சொல்கிறார்கள், தங்கை ஈச்சிலம்பற்றில்.

கொப்பியில் அந்தப் பெயருக்கு நேரே 'ஈச்சிலம்பற்று, தங்கை வீடு' என்று எழுதினேன். இரத்தம் எடுக்கும் சிறு குப்பிகள் இரண்டை ஐஸ் பெட்டியோடு எடுத்து வைத்தேன். விடிய முதல் பஸ்ஸில் போனால் பதினொரு மணிக்குள் இரத்தம் எடுத்துத் திரும்பலாம்.